யார் வாசலும் இல்லாத தச்சர்

“இந்த ஊர்ல இருக்கற அத்தனை பேரும் யாராவது ஒருத்தரோட வாசல். நான் ஒருத்தன்தான் யாரு வாசலும் இல்லாதவன். இந்த ஊரே என் தூண்ல இருந்துதான் தொடங்குது.”

தச்சர் இப்படி முழங்கியபோது, தாம் அன்று காலை செய்து முடித்த பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தார். பெஞ்சு ஆடவில்லை. அவர் கைவேலை எதுவும் ஆடாது. ஆற்றில் இறங்கப் படிக்கட்டு கட்டி முடித்த நாள் அது. ஊர் மொத்தமும், அதாவது நாற்பத்தாறு பேரும் இரண்டு கழுதைகளும், கூடியிருந்தார்கள். செங்கல் அக்கா முதலில் கை தட்டினாள். அவள் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். தச்சரின் மனைவி தட்டவில்லை. இடுப்பில் குழந்தை இருந்ததால் கை ஒழியவில்லை என்பது அவள் பின்னால் சொன்ன காரணம். குழந்தைக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த முழக்கத்தின் கனம் தெரிய வேண்டுமானால் ஊரின் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்று வளைவில், காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே முளைத்த ஊர் அது. பிழைப்புத் தேடி வந்தவர்கள் எல்லாரும் ஆறு வற்றிய மாதங்களில்தான் வந்தார்கள். வண்டியை அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஓட்டிவர வேறு காலம் கிடையாது. வந்து, புதரை வெட்டி, மண்ணைக் குழைத்து, சுவர் இடுப்பளவு எழும்புவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே புதிதாக வந்த ஒவ்வொரு குடும்பமும் முதல் மழைக்காலத்தை ஏற்கெனவே இருந்த ஒரு வீட்டில் கழித்தாக வேண்டும். மூட்டை முடிச்சோடு எந்த வாசலில் போய் நின்றார்களோ அந்த வாசல் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். அங்கே யாரும் யாரிடமும் பூர்வீகம் விசாரிப்பதில்லை. “நீங்க யாரு வாசல்?” என்றுதான் கேட்பார்கள். வலைக்காரர் செங்கல் அக்கா வாசல். முடிதிருத்துகிறவர் வலைக்காரர் வாசல். முடிதிருத்துகிறவர் வாசலில் வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் ஓயாமல் பேசுவார்கள், வலைக்காரர் வாசல் என்றால் எதையும் நிதானமாகச் செய்வார்கள் என்றெல்லாம் குண விசேஷங்கள்கூடக் கற்பிக்கப்பட்டிருந்தன. பெண் கேட்டுப் போனாலும் வாசல் விசாரிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊரில் ‘நான் யார் வாசலும் இல்லை’ என்று ஒருவர் மார்தட்டினால் என்ன பொருள்? தாம் வானத்திலிருந்து நேரே இறங்கியவர் என்று பொருள். தச்சர் அந்த இறக்கத்தை முப்பது வருடங்களாக விவரித்து வந்தார்.

நடந்தது இதுதான்.

அந்த வளைவுக்கு முதலில் வந்தவர் தச்சர்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இளம் மனைவி, ஒரு மாட்டு வண்டி, உளிகள் நிறைந்த பெட்டி, ரம்பம், கொட்டாப்புளி, அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை ஆகியவற்றோடு வந்து இறங்கினார். கரையோரம் நெடுக மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஆள் உயரத்துக்கு மேலே, கிளை பிரியும் இடத்தில், காய்ந்த புல்லும் சுள்ளியும் கொத்துக் கொத்தாகச் செருகியிருந்தன. தச்சர் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்து, அவை பறவைக் கூடுகள் என்று தீர்ப்புச் சொன்னார். பறவை கூடு கட்டிக் குடியிருக்கிற இடத்துக்கு வெள்ளம் வராது, பறவைக்குத் தெரியாத ஆறு உண்டா என்றும் சேர்த்துக்கொண்டார். இத்தனை கூடு இருந்தும் ஒரு குருவியைக்கூடக் காணோமே என்று மனைவி கேட்டாள். வேலைக்குப் போயிருக்கும் என்றார் தச்சர்.

எல்லாக் கூடுகளும் ஆறு ஓடும் திசையையே பார்த்துச் சாய்ந்திருந்தன. அதையும் அவர் கவனித்தார். இந்த ஊர்ப் பறவைகளுக்கு ஒழுங்கு இருக்கிறது என்று மெச்சினார்.

அந்த மரங்களின் அடியில், தண்ணீரிலிருந்து இருபது எட்டு வைக்கும் தூரத்தில், அவர் வீடு எழும்பியது. முழுக்க மரம். ஓர் இரும்பு ஆணி கிடையாது. நான்கு மூலைத் தூண்கள், அவற்றின் மேல் சட்டம், சட்டத்தின் மேல் பலகைத் தரை. எல்லா மூட்டுகளையும் துளையிட்டுக் கோத்து மரமுளை அடித்து இறுக்கினார். மூன்று தூண்களுக்கு முளை அடித்தாகிவிட்டது. நான்காவது தூணுக்கு அடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து அடிக்கலாம் என்று போனவர் பிறகு மறந்துபோனார். இந்தத் தகவல் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் தச்சர். மற்றவர் சாப்பிடக் கூப்பிட்டவர்.

ஒரு மாதம் கழித்துச் செங்கல் அக்கா வந்தாள். புருஷனை இழந்தவள். இரண்டு சின்னப் பெண்கள், ஒரு கழுதை, நான்கு செங்கல் அச்சு. அவ்வளவுதான் சொத்து. ஊருக்கு மூத்த குடி என்ற முறையில் தச்சர் அவளை வரவேற்று, பறவைகளின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்லி, தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போடும்படி யோசனை சொன்னார். அக்கா ஒரு நீளக் கழியை எடுத்து ஒரு கூட்டைக் குத்தினாள். பொலபொலவென்று வண்டல் மண் கொட்டியது. இன்னொரு குத்துக் குத்தினாள். ஒற்றைச் செருப்பு விழுந்தது.

“இந்த ஊர்ப் பறவை செருப்புப் போட்டுக்கிட்டு நடக்குது போல, தம்பி,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வாதாடவில்லை. கழுதையை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். நல்ல களிமண் கீழேதான் இருந்தது. அதை ஒவ்வொரு கூடையாக மேலே சுமந்து, மிதித்து, அச்சில் அடித்து அறுத்தாள். மழைக்கு முன் ஒரு சூளை வேக வைத்து, அதில் தன் வீட்டுச் சுவரை மார்பளவு எழுப்பினாள். அடுத்த சூளைக்காக மூவாயிரம் பச்சைச் செங்கல் அறுத்துக் காயப் போட்டாள். கூரைக்கு ஓலை பாதிக்குத்தான் கிடைத்தது. அந்தப் பாதிக் கூரையின் கீழே செங்கலை அடுக்கிவிட்டு, தானும் பெண்களும் ஓரமாகப் படுத்துக்கொண்டாள். பச்சைச் செங்கல் மீது நாலு தூறல் விழுந்தால் அது மறுபடியும் சேறுதான். ஒரு தடவை கீழே மண் எடுக்க வந்தபோது தச்சரின் மனைவியிடம், மழை வலுத்தால் யோசிக்காமல் மேலே ஏறி வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். தச்சரின் மனைவிக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம்.

மழை வலுத்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஆறு படியேறி வீட்டுக்குள் வந்தது. தச்சரும் மனைவியும் உளிப் பெட்டியோடு சரிவில் ஏறிப் பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் வீடு புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு பலகை பெயரவில்லை. ஒரு சட்டம் நெகிழவில்லை. மூன்று தூண்களையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு, கூரை, கதவு, கொடியில் காய்ந்த துணி சகிதமாக, முழு வீடும் ஒரு தடவை நிதானமாகச் சுற்றித் திரும்பி, ஆற்றோடு போனது.

“பாத்தியா? ஒரு மூட்டுகூடக் கழலல,” என்றார் தச்சர். அவர் குரலில் துக்கம் எவ்வளவு, பெருமிதம் எவ்வளவு என்று மனைவியால் கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு மூட்டு கழன்றிருந்தது. முளை அடிக்காத நான்காவது தூண் மட்டும் வீட்டைக் கைவிட்டுத் தண்ணீருக்கு நடுவே தனியாக நின்றது.

மேட்டில் அக்கா எதையும் கேட்கவில்லை. அவர்கள் ஏறி வருவதைப் பார்த்ததுமே பாதிக் கூரையின் கீழிருந்த செங்கலை எடுத்து வெளியே மழையில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். பெண்கள் இரண்டும் ஆளுக்கு இரண்டிரண்டாகத் தூக்கின. அவள் என்ன செய்கிறாள் என்பது தச்சருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், பதறிப்போய், அக்கா வேண்டாம், நாங்கள் எப்படியாவது நனைந்துகொள்கிறோம் என்று குறுக்கே போனார்.

“மண்ணு எங்க போயிடப்போகுது தம்பி? இங்கதான் கிடக்கும். அப்புறமா அறுத்துக்கலாம்,” என்றாள் அக்கா. “தங்கச்சியை உள்ள கூட்டிட்டு வாங்க.”

இரண்டு மாத உழைப்பு அவர் கண்ணெதிரே கரைந்து வழிந்தோடியது. ஐம்பத்திரண்டு நாள் அந்தப் பாதிக் கூரையின் கீழே ஐந்து பேர் இருந்தார்கள். முப்பதாம் நாள் ஆறு பேர் ஆனார்கள். தச்சரின் மகள் அங்கேதான் பிறந்தாள். முதலில் குளிப்பாட்டியது அக்காவின் கை.

மழை விட்டதும் தச்சர் செய்த முதல் வேலை, அக்கா வீட்டுக்கு நிலை செதுக்கிக் கதவு மாட்டியது. இரண்டாவது வேலை, சரிவின் நடுவில் தமக்கு ஒரு வீடு. மூன்றாவது வேலை, வரலாற்றைத் திருத்தியது.

திருத்தம் சாமர்த்தியமானது. அக்கா வீட்டில் அவர் தங்கவில்லையா? தங்கினார். அதை அவர் மறுத்ததே இல்லை. ஆனால் வாசல் என்றால் என்ன? நிலை இருக்க வேண்டும், கதவு இருக்க வேண்டும். அவர் போன அன்று அங்கே இருந்தது இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. நிலை வைத்து அதை வாசலாக்கியதே அவர். தாம் செய்த வாசலில் தாமே எப்படி முன்னாலேயே வந்து நின்றிருக்க முடியும்? இந்த வாதத்தைக் கேட்ட வலைக்காரர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தமக்குத் தலை வலிக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.

அக்கா மட்டும் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. புதிதாக வந்தவர்களிடம், “முதல்ல வந்தவரு தச்சருதான். எது கேக்கணும்னாலும் அவரைக் கேளுங்க,” என்று அனுப்பிவைப்பாள். அவர்கள் போய்க் கேட்பார்கள். அவர் ஆற்றையும் பறவைகளையும் அளந்துவிடுவார். அதற்குள் அக்கா அவர்கள் தங்குவதற்குத் தன் வீட்டில் இடம் ஒதுக்கியிருப்பாள்.

தனியே நின்ற அந்தத் தூண்தான் தச்சரின் சாட்சி. கரை அரித்து அரித்துத் தூண் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆனாலும் வருடா வருடம் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதற்கு எண்ணெய் பூசினார். அதில் படகைக் கட்டப் போனவர்கள் வாங்கிய வசவு ஊர் அறியும். ஒரு தடவை வாத்து ஒன்று அதன் உச்சியில் உட்கார்ந்ததற்குக் கரையில் நின்று அரை மணி நேரம் அதனோடு சண்டை போட்டார். அந்தத் தூணை ஊரின் முதல் தூணாக அரசாங்கம் ஏட்டில் ஏற்ற வேண்டும் என்று பதினேழு மனுக்கள் எழுதிப் போட்டார். மனுவுக்கு மனு வெள்ளம் உயர்ந்தது. ஒன்பதாவது மனுவில் ஒரு முதலையும் வந்து சேர்ந்தது.

பதினேழாவது மனுவுக்குப் பதில் வந்தது. ஊரில் கடிதம் படிக்கும் பொறுப்பு முடிதிருத்துகிறவருடையது; ஆகவே உள்ளடக்கம் தச்சருக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. குடியிருப்பை அளந்து பட்டா கொடுக்கச் சர்வேயர் வருகிறார். முதன்முதலில் அமைந்த வீட்டின் வாசலிலிருந்து நாலு பக்கமும் முந்நூறு கஜம் வரை ஊர். அதற்கு அப்பால் இருப்பவை காடு. அங்கே இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். முதல் வீடு எது என்பதைத் தங்கள் பதினேழு மனுக்களின்படி தாங்களே நேரில் காட்ட வேண்டியது.

எல்லாரும் வந்து கையைக் குலுக்கினார்கள். தச்சருக்குத் தலைகால் புரியவில்லை. சர்வேயர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தாம் தொடங்கிவைத்த ஊர் எதுவரை போகிறது என்று பார்க்கும் ஆசையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூணிலிருந்து அடி வைத்து எண்ணத் தொடங்கினார்.

தச்சரின் ஓர் எட்டு ஒரு கஜம். கொஞ்சம்கூடப் பிசகாது. வலைக்காரர் வீடு வந்தது, தம் வீடு வந்தது, முடிதிருத்துகிறவர் வீடு வந்தது. முந்நூறு என்று எண்ணியபோது கால் அக்காவின் செங்கல் களத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் கதவு இன்னும் நாற்பது எட்டுக்கு அப்பால் இருந்தது. அதற்குப் பின்னால் சூளை, கிணறு, ஏழு வீடுகள். எல்லாமே காட்டில் இருந்தன. தூணுக்கு அந்தப் பக்கம் முந்நூறு கஜத்துக்கு ஆறு ஓடியது. அவர் மனுப்படி ஊரில் பாதிக்கு மேல் மீன்களுக்குத்தான் பட்டா கிடைக்கும்.

திரும்பிப் போய் மறுபடியும் எண்ணினார். இந்தத் தடவை காலை நன்றாக நீட்டி வைத்தார். கால் பத்துப் பதினொரு செங்கல் தள்ளி நின்றதே தவிர வாசல் வரவில்லை.

அக்கா காய்ந்த செங்கலைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். “என்ன தம்பி, நடந்துக்கிட்டே இருக்கீங்க?”

“சும்மா. காலாற.”

“ரெண்டு தடவையா?”

தச்சர் ஒரு செங்கலைக் குனிந்து பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

“கடிதாசியை நானும் கேட்டேன்,” என்றாள் அக்கா. “நாளைக்குத் தயங்காம உங்க தூணைக் காட்டுங்க. முப்பது வருஷமா அதுக்குத்தானே காத்திருக்கீங்க.”

“அப்ப உங்க வீடு? சூளை?”

“மண்ணு எங்க போயிடப்போகுது?” என்று அக்கா அடுத்த செங்கலைப் புரட்டினாள். “கொஞ்சம் தள்ளிப் போய் அறுத்துக்கறேன்.”

சொன்னது நினைவு வைத்துச் சொன்னதா, வாயில் தானாக வந்ததா என்று தெரியவில்லை. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. தச்சர்தான் அங்கே நிற்க முடியாமல் கிளம்பினார்.

வீட்டில் மனைவி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு எந்தச் சட்டை என்று கேட்டாள். ஏதோ ஒன்று, இதற்கெல்லாம் என்ன கேள்வி என்று அவர் எரிந்து விழுந்தார்.

“இல்ல, தூணுக்குப் பக்கத்துல நிக்க ஒரு சட்டை, அப்புறம் அக்கா முகத்துல முழிக்க ஒரு சட்டைன்னு ரெண்டா எடுத்து வெக்கணுமேன்னு கேட்டேன்.”

தச்சர் பட்டறைக்குப் போய், ஏற்கெனவே வழவழப்பாக இருந்த ஒரு பலகையை இழைத்தார். விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் பலகையில் பாதிதான் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை சர்வேயர் படகில் வந்தார். ஒரு சங்கிலி, ஓர் உதவியாள், கயிறு போட்டுக் கட்டிய பதினேழு மனுக்கள். ஊர் முழுக்கப் படிக்கட்டில் நின்றது. தச்சர் சலவைச் சட்டையில் முன்னால் நின்றார். படகோட்டி வெளியூர் ஆள். பாவம், விஷயம் தெரியாமல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தூணைப் பார்த்தார். கூட்டம் ஒரு பெரிய வசவுக்குக் காத்திருந்தது.

தச்சர் சட்டை நனைய ஆற்றில் இறங்கினார். படகோட்டி கையிலிருந்து கயிற்றை வாங்கினார். முப்பது வருடம் எண்ணெய் குடித்து மின்னிய அந்தத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார். இறுகியிருந்தது.

சர்வேயர் மனுவையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். “பெரியவரே, நீங்க எழுதின தூண் இதுதானே? முதலைகூட வருமே?”

“இது படகு கட்டுற கட்டை சார்,” என்றார் தச்சர். “முளை அடிக்க மறந்த கட்டை. வேற எதுக்கும் உதவாது.”

படிக்கட்டில் நின்ற மனைவி, முப்பது வருடங்களில் முதல் தடவையாக அவர் வாயால் அந்த முளையைக் கேட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப முதல் வீடு?”

“மேல இருக்கு. வாங்க.”

ஈரச் சட்டையோடு தச்சர் முன்னால் நடந்தார். வழியில் யாரும் பேசவில்லை, முடிதிருத்துகிறவர் உட்பட. அக்கா கையில் களிமண்ணோடு வெளியே வந்து, அவர்கள் எதற்கு இவ்வளவு தூரம் ஏறி வந்தார்கள் என்று புரியாமல் பார்த்தாள். தச்சர் சங்கிலியின் வளையத்தை வாங்கி, தாமே செதுக்கிய நிலைப்படியில் குந்தி உட்கார்ந்து, அதன் மேல் அழுத்திப் பிடித்தார். உதவியாள் மறுமுனையை இழுத்துக்கொண்டு சூளைப் பக்கம் போனார். சங்கிலி சூளையைத் தாண்டியது. கிணற்றைத் தாண்டியது. ஏழு வீடுகளையும் தாண்டியது. ஆற்றுப் பக்கம் திருப்பி அளந்தபோது, வலைக்காரர் வீட்டைத் தாண்டி, தூணுக்கு நாற்பது கஜம் முன்னாலேயே ஊர் முடிந்துவிட்டது.

சர்வேயர் காகிதத்தை விரித்தார். வீட்டுக்காரர் இன்னார் என்று அக்காவைக் கேட்டு எழுதினார். சாட்சிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். “நீங்க இந்த வீட்டுக்கு என்ன வேணும்?”

தச்சருக்குச் சங்கடம் வரக்கூடாதே என்று அக்கா முந்திக்கொண்டாள். “அவருதான் சார் இங்க முதல்ல வந்தவரு. ஊருக்கே மூத்தவரு. இந்த நிலைகூட அவரு செஞ்சு குடுத்ததுதான்.”

தச்சர் வளையத்திலிருந்து கையை எடுத்து, முழங்காலைப் பிடித்து மெதுவாக எழுந்தார். வாசலில் நேராக நின்றார்.

“மழைக்கு ஒதுங்க இடமில்லாம வந்து நின்னேன் சார். செங்கலை வெளிய எடுத்துப் போட்டுட்டு எங்களை உள்ள விட்டாங்க,” என்றார். “நான் அக்கா வாசல். அப்படியே எழுதிக்குங்க.”